இரண்டாம் பாதியில் இழுக்கும் ஆட்டம்

எங்கள் கடற்கரையில் எல்லாவற்றுக்கும் சட்டை உண்டு. டி.வி.க்குச் சட்டை, மிக்சிக்குச் சட்டை, ஃபிரிட்ஜின் தலைக்கு ஒரு தொப்பி, ரிமோட்டுக்குப் பாலித்தீன் பை. உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. இந்த வருடம் அடித்த ஆணி அடுத்த வருடம் துருவாகிச் சுவரில் வடியும். அதனால் வீட்டுக்கு எந்தச் சாமான் வந்தாலும் பெண்கள் முதலில் அதற்கு அளவெடுப்பார்கள். என் அக்காள் செசிலி இதில் ஊருக்கே தலைவி. பழைய நைட்டி, கிழிந்த மழைக்கோட்டு, கட்சிக்காரர்கள் விட்டுப்போன ஃபிளக்ஸ் எதுவும் அவள் கத்திரிக்குத் தப்பாது. அந்த வீட்டில் சட்டை போடாமல் இருப்பது அத்தான் ஒருவர்தான் என்று நான் கேலி செய்வேன். அது உண்மையும்கூட. மனிதர் கைலியோடு சரி.

அந்த அத்தானைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். பெயர் ததேயுஸ். முட்டம் துறைமுகத்தில் ஐஸ் கட்டி நொறுக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவர். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரிது. அலைக்கு மேலே பேசிப் பழகிய குரல் அது, வீட்டுக்குள் கேட்டால் காது கிழியும். கோபம் சட்டென்று வரும், ஒரு கட்டஞ்சாயா குடித்து முடிப்பதற்குள் ஆறிவிடும். ஊரில் அவர் சண்டை போடாத ஆள் கிடையாது, சமாதானம் ஆகாத ஆளும் கிடையாது, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் அவருடைய கூடப்பிறந்த அண்ணன் யேசுரத்தினம்.

இவர்களுடைய அப்பா சிலுவைதாசன் ஊர்க் கால்பந்து அணியின் கோலி. காலையில் கடல், சாயங்காலம் கோல் கம்பத்துக்கு நடுவில். இரண்டு பையன்களையும் பந்தோடுதான் வளர்த்தார். 2004இல் அவர் இறந்த பிறகு, அண்ணனும் தம்பியும் அப்பாவின் வள்ளத்தில் ஒன்றாகத் தொழிலுக்குப் போனார்கள். அடுத்த வருடம் ஆனி மாதத்தில், கொந்தளிப்பில், நங்கூரக் கயிறு அத்தானின் இடது கையைச் சுற்றி இழுத்துவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் போயின. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கட்டோடு கிடந்தார். கட்டுப் பிரித்து ஊருக்கு வந்து பார்த்தால், மணலில் வள்ளம் கிடந்த இடம் வெறுமையாக இருந்தது. அண்ணன் அதை விற்றுவிட்டுக் கத்தாருக்கு விமானம் ஏறியிருந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டானா?" என்று அத்தான் கத்தியது கடற்கரை முழுக்கக் கேட்டது. கேட்க வேண்டியவருக்கு மட்டும் கேட்கவில்லை, அவர் தோஹாவில் இருந்தார்.

அதற்குப் பிறகு பேச்சில்லை. அண்ணன் முதல் விடுமுறைக்கு வந்தபோது நானும் அக்காள் வீட்டில் இருந்தேன். யேசுரத்தினம் அண்ணன் குறும்பனையில் தன் மாமியார் வீட்டில் தங்கியிருந்தார். ஒரு மத்தியானம் பைக்கில் வந்து இறங்கினார். கையில் ஒரு அட்டைப்பெட்டி. தம்பியின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்து, பெட்டியைப் பிரித்து, டி.வி.யில் வயரைச் சொருகினார். பிளேஸ்டேஷன். கூடவே ஒரு கால்பந்து டிஸ்க், இரண்டு கன்ட்ரோலர். ஒன்றைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மற்றதைப் பக்கத்தில் தரையில் வைத்தார். பிறகு தனியாகவே விளையாட ஆரம்பித்தார்.

அத்தான் அடுக்களை வாசலில் சாய்ந்து நின்று மூஞ்சியைத் தூக்கி வைத்திருந்தார். அண்ணன் வரிசையாகக் கோல் வாங்கிக்கொண்டிருந்தார். வேண்டுமென்றுதான் வாங்கினார் என்று எனக்கு இன்றும் சந்தேகம். கொஞ்ச நேரம்தான் அத்தானால் தாங்க முடிந்தது.

"பின்னால ஆளு நிக்கான் பாரு! சவம், அங்கன குடு!"

அண்ணன் திரும்பாமல், தரையில் கிடந்த கன்ட்ரோலரைத் தம்பி பக்கம் தள்ளினார். அத்தான் உட்கார்ந்தார். அன்று ஆரம்பித்தது.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தினமும் மத்தியானம் ஆட்டம் உண்டு. ஆனால் பேச்சு பந்தைப் பற்றி மட்டும். "அடி", "விடு", "ஆஃப்சைடு", "சே" என்பதைத் தாண்டி ஒரு சொல் வராது. ஆட்டம் முடிந்ததும் அண்ணன் எழுந்து போய்விடுவார். அக்காள் சாயா கொடுத்தால் நின்றுகொண்டே குடிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். இரண்டு வளர்ந்த ஆண்கள், நரை விழுந்தாயிற்று, தாடையைத் திறந்து ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்களாம்.

அந்த விளையாட்டில் நாமே ஆட்டக்காரர்களை உருவாக்கலாம். இருவரும் சேர்ந்து எங்கள் ஊர் அணியை உருவாக்கி வைத்திருந்தார்கள். கோலி சிலுவைதாசன். வழுக்கை, தடித்த மீசை, கொஞ்சம் தொப்பை. எந்த மீசை என்பதில் மட்டும் இரண்டு மத்தியானம் போனது, அதுவும் வாயால் பேசாமல், ஒருவர் வைத்த மீசையை மற்றவர் மாற்றி மாற்றி. ஒரு நாள் அப்பா அணி அண்ணனுக்கு, அடுத்த நாள் தம்பிக்கு. இப்படி முறை வைத்து அப்பாவைப் பங்கிட்டுக்கொண்டார்கள். அந்த அப்பா முழுவதும் ஒரு தீப்பெட்டி அளவு மெமரி கார்டில் இருந்தார்.

2012இல், ஓணம் கழிந்த சமயம், பெட்டி டிஸ்க்கைப் படிப்பதை நிறுத்தியது. நாகர்கோவிலில் ரிப்பேர்க்காரர் திறந்து காட்டினார். உள்ளே துரு, லென்ஸ் மங்கிப்போயிருந்தது. "ரெண்டு சட்டை போட்டு வச்சேனே!" என்று அக்காள் பதறினாள். உப்புக்காற்று அவளுடைய தையலைவிட நுட்பமானது.

நான் அப்போது நாகர்கோவிலில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் எழுத்து கோர்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, இடையில் அரசியல்வாதிகளின் பிறந்தநாள். அத்தான் சாக்குப்பையில் பிளேஸ்டேஷனைப் போட்டுக்கொண்டு அச்சகத்துக்கே வந்துவிட்டார்.

"ஏலே லிஜின், இதுக்குக் கண்ணு போச்சாம். பெபிஷாவுக்க கம்ப்யூட்டர்ல இந்தக் களிய ஓட்டலாம்னு ஒருத்தன் சொன்னான். ஓடுமா?"

களி என்றால் எங்கள் பக்கத்தில் விளையாட்டு. பெபிஷா அவர் மகள். நர்சிங் படிக்க வெளியூர் ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அவளுடைய கம்ப்யூட்டர் வீட்டில் சட்டைக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஓடும் அத்தான். ஆனா லேசான வேலை இல்ல. அண்ணன்கிட்ட சொன்னா அங்க இருந்து இதே மாதிரி ஒண்ணு கொண்டு வருவாருல்லா?"

"சொல்லணும்னா பேசணுமே மக்கா."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சாக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அவருடைய குரலுக்குப் பொருந்தாத மெதுவான குரலில் சொன்னார்.

"கிறிஸ்மஸுக்கு அவன் வருவான். களி இல்லன்னா இஞ்ச வந்து என்ன செய்வான்? வாசல்ல நின்னு சாயா குடிச்சிட்டுப் போவான். அடுத்த வருசம் அதுக்கும் வரமாட்டான். அப்பனும் அந்தக் கார்டுக்குள்ள கெடக்காரு. எப்பிடியாவது ஓட வை."

இப்படிக் கேட்டால் யாரால் முடியாது என்று சொல்ல முடியும்? அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்கு பஸ் ஏறினேன்.

எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. கம்ப்யூட்டரை 'நான்தான் அந்த விளையாட்டுப் பெட்டி' என்று நம்பவைப்பது அதன் வேலை. பெட்டிக்கு லென்ஸ்தான் செத்திருந்தது, உயிர் இருந்தது. அதனால் அதன் உள்மூளையான பயாஸை அதிலிருந்தே பென் டிரைவில் எடுத்துக்கொள்ள முடிந்தது. மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் சொருகும் அடாப்டர் ஒன்றையும் சினேகிதன் மூலம் வரவழைத்து, உள்ளே இருந்ததை அப்படியே பிரதி எடுத்தேன். இந்தப் பகுதி எனக்கு அல்வா சாப்பிடுவது போல இருந்தது. அதனால் கொஞ்சம் தலைக்கனம் ஏறிவிட்டது.

புதிய வெர்ஷன்தானே நல்லதாக இருக்கும் என்று எமுலேட்டரில் இருப்பதிலேயே புதியதை இறக்கினேன். படம் பளிங்கு மாதிரித் தெரியட்டும் என்று துல்லியத்தைக் கூட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அடித்த பந்து திங்கட்கிழமை வலைக்குள் போகும்போல இருந்தது. பெபிஷாவின் கம்ப்யூட்டர் டைப் அடிக்கவும் படம் பார்க்கவும் வாங்கியது, அதன் தலையில் நான் மலையைத் தூக்கி வைத்திருந்தேன். துல்லியத்தைப் பழைய டி.வி. அளவுக்கே இறக்கினேன். கொஞ்சம் எழுந்து நடந்தது. பிறகு மிகப் பழைய வெர்ஷனுக்குப் போனேன். வேகம் பிரமாதம், ஆனால் இருபத்திரண்டு பேருக்கும் முகம் கரியாக இருந்தது. நடுவில் வந்த ஒரு வெர்ஷன்தான் முகத்தையும் காட்டியது, ஓடவும் செய்தது.

அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பனக் காட்டு" என்றார். அப்பா இல்லை. அணியே இல்லை. சேமித்த ஆட்டம் எதுவும் இல்லை என்று திரை சொன்னது.

அவருடைய முகம் தொங்கிப்போனது. கார்டிலிருந்து எடுத்தபோது நான்தான் எதையோ அழித்துவிட்டேன் என்று நினைத்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் பொறி தட்டியது. அண்ணன் கொண்டுவந்த டிஸ்க் கீறலாக இருக்கிறதே என்று, நான் நாகர்கோவிலில் ஒரு கடையில் அதே ஆட்டத்தை வேறு டிஸ்க்கில் வாங்கிப் போட்டிருந்தேன். அது அமெரிக்க வெர்ஷன். கத்தாரில் விற்றது ஐரோப்பிய வெர்ஷன். ஆட்டம் ஒன்றுதான், ஆனால் ஒன்றில் சேமித்தது மற்றதன் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அண்ணனின் டிஸ்க்கையே துடைத்துக் கம்ப்யூட்டரில் போட்டேன். முனகிக்கொண்டு படித்துவிட்டது. ஊர் அணி வந்தது. ஒன்றாம் எண் சட்டையில் சிலுவைதாசன் மீசையோடு நின்றார்.

"வந்துட்டாரு!" என்று அத்தான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டு நேசபாய் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள். யார் வந்தது என்று அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க அக்காளுக்குப் பெரும் பாடாகிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு விடத் தெரியாது. எமுலேட்டரில் வேகம் காட்டும் ஒரு மீட்டர் இருக்கிறது. இன்டர்நெட்டில் எல்லாரும் அறுபது, அறுபது என்று பீற்றிக்கொண்டிருந்தார்கள், எனக்கு ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரு ஞாயிறு முழுக்க மல்லுக்கட்டினேன். கடைசியில் பார்த்தால், ஐரோப்பிய வெர்ஷனுக்கு நொடிக்கு ஐம்பது படம்தான் முழு வேகமே. நான் நிறைந்த குடத்தில் வெள்ளம் கோரி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐம்பதையாவது விழாமல் பிடித்து வைப்போம் என்று வேகமூட்டும் குறுக்குவழிகளை ஒவ்வொன்றாகப் போட்டேன். மீட்டர் ஐம்பதிலேயே ஆணி அடித்த மாதிரி நின்றது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அத்தான் ஒரு கார்னர் அடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"பந்து இஞ்ச இருந்துது, இப்பம் அங்க இருக்கு. நடுவுல எங்க போயிட்டு வந்துது?"

சில குறுக்குவழிகள் மீட்டரை ஏமாற்றும் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படங்களை விழுங்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் சரியாகக் காட்டும். அவற்றை அணைத்து, உண்மையாக உதவும் ஒன்றிரண்டை மட்டும் வைத்தேன்.

இன்னொரு வேலையும் செய்தேன், அது யாரும் கேட்காதது. அந்த ஆட்டத்தில் பந்துக்கு அருகிலிருக்கும் ஆளுக்கு மாறுவதற்கான பொத்தான் கன்ட்ரோலரின் இடது தோளில் இருக்கிறது. இடது சுட்டுவிரலால் அமுக்க வேண்டும். அத்தானுக்கு அந்த விரல் இல்லை. அதனால் இத்தனை வருடமும் அவர் ஆளே மாற்றாமல், ஆட்டம் தானாக மாற்றிக் கொடுத்தால் உண்டு என்று விளையாடினார். எமுலேட்டரில் எந்தப் பொத்தானையும் எங்கும் வைக்கலாம். அதை வலது பெருவிரலுக்கு மாற்றி வைத்தேன். அத்தான் ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். இன்னொரு முறை அமுக்கினார். பிறகு எழுந்துபோய், வெளியே நின்று மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நாகர்கோவிலுக்குப் போனேன். மறுநாளே போன்.

"மக்கா, ரெண்டாம் பாதியில இழுக்குது."

"இழுக்காது அத்தான். நான் பாத்துட்டுத்தானே வந்தேன்."

"நீ பாத்தப்பம் ஓடிச்சு. இப்பம் இழுக்குது. முதல் பாதி கொள்ளாம். பொறவு எல்லாவனும் சகதியில நடக்குத மாதிரி நடக்கான்."

ஞாயிற்றுக்கிழமை போனேன். மேஜைக்குக் கீழிருந்து கேபினெட்டை இழுத்து வெளியே வைத்து, சட்டையைக் கழற்றி, பென் டிரைவைச் சொருகி, இரண்டு முழு ஆட்டம் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெயாக ஓடியது. வெர்ஷனை மாற்றாமலே, மாற்றிவிட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை மறுபடி போன். வைரஸாக இருக்கும் என்று அதையும் பார்த்தேன். கரண்ட் குறைவாக வருகிறது என்றேன். கடைசியில், கோபம் மூக்குக்கு மேல் ஏறி, "உங்க கண்ணுலதான் கோளாறு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். நான் இருந்தால் ஓடுகிறது, நான் போனால் இழுக்கிறது. கம்ப்யூட்டர் என்னைப் பார்த்து நடிக்கிறதா என்ன?

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் யேசுரத்தினம் அண்ணன் வந்தார். நானும் லீவு போட்டு வந்து காத்திருந்தேன். அக்காள் வீட்டைக் கழுவி, குடிலுக்குச் சீரியல் விளக்குப் போட்டு, அண்ணன் வருகிறார் என்று எல்லாச் சாமானுக்கும் புதுச் சட்டை மாட்டியிருந்தாள்.

அண்ணன் டி.வி.க்குக் கீழே பார்த்தார். பெட்டி இல்லை. ஒரு நிமிடம் அப்படியே நின்றார். வாசல் பக்கம் திரும்பிவிடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அத்தான் கம்ப்யூட்டரைப் போட்டார், ஊர் அணி திரையில் வந்தது. அண்ணன் அப்பாவின் மீசையைப் பார்த்துவிட்டு, பாயில் உட்கார்ந்தார். அன்று அப்பா அத்தானின் முறை.

முதல் பாதி நன்றாகப் போனது. அத்தான் தடுப்பில் ஆளை மாற்றி மாற்றி, அண்ணனின் காலிலிருந்து இரண்டு முறை பந்தைப் பறித்தார். அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுத்து, தம்பியின் கையைப் பார்த்தார்.

"ஆளு மாத்துகியா?"

"லிஜின் பட்டன மாத்தி வச்சான். பெருவிரலுக்கு."

அண்ணன் தன் கன்ட்ரோலரைச் சரியாகப் பிடித்துக்கொண்டார். "அப்பம் இனி நானும் மாத்தலாம்" என்றார். அடுத்த நிமிடத்திலிருந்து அவர் விளையாடிய விளையாட்டே வேறு. இடது சுட்டுவிரல் பொத்தானில் பேயாட்டம் ஆடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பொத்தான் எதற்கு என்று அவருக்கு முதல் நாளே தெரியும். தம்பியால் முடியாது என்பதற்காக, இத்தனை விடுமுறையும் அவரும் அதைத் தொடவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில், நான் பயந்தது நடந்தது. மீட்டர் நாற்பதானது, முப்பதானது, இன்னும் இறங்கியது. ஆட்கள் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல நடந்தார்கள். கூட்டத்தின் ஆரவாரம் ஏற்றத்தில் ஏறும் லாரி மாதிரி முனகியது. இத்தனை மாதம் போராடி, இந்த ஒரு நாளில் மானத்தை வாங்கிவிட்டதே! இந்த மனிதர் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால், அத்தான் அடுத்த வருடம் யாருக்காகக் காத்திருப்பார்? செட்டிங்ஸைத் திறக்க எக்கினேன். அத்தான் முழங்கையால் என்னைத் தள்ளினார். திரையில் அண்ணன் பந்தை அடித்திருந்தார். பந்து காற்றில் மிதந்து வந்தது. கோலி சிலுவைதாசன் மெதுவாக, மிக மெதுவாக எழும்பினார்.

"அப்பன் எழும்புகாரு பாரு" என்றார் அண்ணன்.

"பையத்தான் எழும்புவாரு. கடேசியில அவருக்கு முட்டுவலியில்லா" என்றார் அத்தான்.

"முட்டுவலின்னு ஒருநாளும் சொன்னதில்லையே."

"ஒனக்கிட்ட சொல்லமாட்டாரு. எங்கிட்ட தைலம் தேய்க்கச் சொல்லுவாரு."

பந்து இன்னும் வந்துகொண்டிருந்தது. இருவரும் விரலைப் பொத்தானில் வைத்தபடி காத்திருந்தார்கள். செய்வதற்கு வேறொன்றும் இல்லை. இப்படியொரு சும்மா இருக்கும் நேரம் அவர்களுக்கு நடுவில் வந்ததே கிடையாது. அத்தான் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"வள்ளத்த ஏன் வித்த?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"அந்தக் கயித்த அறுத்து அதுக்குள்ள இருந்து ஒனக்க கைய எடுத்தது நானாக்கும்" என்றார் அண்ணன். அவரும் திரையையே பார்த்தார். "பொறவு அந்த வள்ளம் மணல்ல கெடக்கத என்னால பாக்க முடியல. நீ ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் திரும்ப அதுல ஏறுவேன்னு நிப்ப. எனக்குத் தெரியும். கேட்டா விக்க விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

அப்பாவின் கை பந்தைத் தொட்டது. பந்து கம்பத்துக்கு மேலே, அவசரமே இல்லாமல் வெளியே போனது.

"தட்டிட்டாரு!" என்று இருவரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். பிறகு அத்தான் அழுதார். சத்தமாக, அவர் எதையும் செய்யும் விதத்தில். அண்ணன் தம்பியின் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பேசாமை எனக்கு எரிச்சல் தரவில்லை.

பார்க்கக்கூடாது என்று நான் காலை நீட்டித் திரும்பினேன். பாதம் மேஜைக்குக் கீழே எதிலோ பட்டுச் சுட்டது. குனிந்து பார்த்தால் கேபினெட். அதற்கு அக்காள் புதிதாக ஒரு சட்டை தைத்திருந்தாள். நீலச் சாட்டின், உள்ளே பாலித்தீன், ஓரத்தில் லேஸ், பின்பக்கம் ஒரு பொட்டு உப்புக்காற்றும் நுழையாதபடி சரடு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே மின்விசிறி மூச்சுமுட்டிக் கதறிக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் கம்ப்யூட்டர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது. நான் வரும்போது கழற்றுவேன், நான் போனதும் அக்காள் மாட்டிவிடுவாள். எத்தனை வெர்ஷன், எத்தனை செட்டிங், எத்தனை பஸ் டிக்கெட்! சட்டை எங்கள் வீடுகளில் சுவர் மாதிரி. அது இருப்பதாகவே கண்ணுக்குத் தெரியாது.

"அக்கா! இது கம்ப்யூட்டரா, லேஸ் கவுன் போட்டுக் கோயிலுக்குப் புதுநன்மை வாங்கப் போற பிள்ளையா?" என்று கத்தினேன்.

அக்காள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "உப்புக்காத்து அடிக்கும்லா, ஏலே" என்றாள், தான் செய்ததில் என்ன தப்பு என்பது போல. அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு அத்தான். அக்காளும் சிரித்துக்கொண்டே சரடை அவிழ்த்தாள். கொஞ்ச நேரத்தில் மீட்டர் ஏறி ஐம்பதில் நின்றது. மிச்ச ஆட்டம் பறந்தது, அண்ணன் ஜெயித்தார். அன்று அவர் நின்றுகொண்டு சாயா குடிக்கவில்லை. மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, பாயிலேயே படுத்துக் குறட்டை விட்டார்.

அந்த நீலச் சட்டை கேபினெட்டின் மேல் ஏறக்கூடாது என்று அக்காளிடம் சத்தியம் வாங்கினேன். அவள் மனசில்லாமல் அதைச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டினாள். வருடம் முழுக்க ஆட்டம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. அண்ணன் தோஹாவிலிருந்து வாரம் தவறாமல் போன் பேசினார். அந்தப் பக்கத்தில் இருக்கும் ஆளுக்குப் போன் தேவையில்லை, சும்மா கத்தினாலே கேட்கும் என்று நான் அத்தானைக் கிண்டல் செய்வேன். அவர் சந்தோஷமாக இருந்தார். சந்தோஷத்தில் இன்னும் சத்தமாகப் பேசினார்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கும் நான் அங்கே இருந்தேன். அண்ணன் வந்தார், பாயில் உட்கார்ந்தார். அன்று அப்பா அவருடைய முறை. முதல் பாதி என்னுடைய செட்டிங்ஸில் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு படம் விழவில்லை. யாராவது பாராட்டுவார்களா என்று பார்த்தேன். இருவருக்கும் இமைக்கக்கூட நேரமில்லை, "அடி", "விடு", "சே" மட்டும்தான்.

இடைவேளையில் அண்ணன் எழுந்தார். ஆணியிலிருந்து அந்த நீலச் சட்டையை எடுத்தார். குனிந்து, குழந்தைக்கு மாட்டுவது போலக் கேபினெட்டுக்கு அதை மாட்டினார்.

"அண்ணே, என்ன செய்யுதிய? வெந்து போவும்!" என்று நான் பாய்ந்தேன்.

"ஒரு பாதிக்குத்தானே மக்கா" என்றார். "இந்த வேகத்துல ஓடினா நாங்க எப்பம் பேசுகது?"

நான் அக்காளைப் பார்த்தேன். அவள் சாயாவுக்கு வெள்ளம் வைக்கப் போய்விட்டாள். அத்தானைப் பார்த்தேன். அவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் வாகாகச் சாய்ந்து, கால்களை நீட்டிக்கொண்டார்.

"சரட நல்லா இறுக்கிக் கெட்டுண்ணே" என்றார். "போன வருசம் சீக்கிரமே அவுத்துட்டாவ."